நீண்டகாலக் கருத்தடையும் பெண்ணின் சம்மதமும்

ஒரு முறை பொருத்திவிட்டால் சில ஆண்டுகளுக்குக் கருத்தரிப்பைத் தடுத்துவைக்கும் சாதனங்களை நீண்டகாலக் கருத்தடை முறைகள் என்கிறார்கள். கருப்பைக்குள் வைக்கப்படும் காப்பர்-டி, ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனம், மேல்கையில் தோலுக்கு அடியில் செருகப்படும் சிறு குச்சி ஆகியவை இவற்றில் முக்கியமானவை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசியையும் சிலர் இந்த வகையில் சேர்ப்பதுண்டு. காப்பர்-டி 380ஏ பத்து ஆண்டுகள் வரை வேலை செய்யும். மாத்திரை சாப்பிடும் பெண்கள் நூறு பேரில் ஆண்டுக்கு ஏழு பேர் வரை கருத்தரிக்கிறார்கள். கைக்குச்சி பொருத்திக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒருவர்தான்.

தினமும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதுதான் இந்த உறுதிக்குக் காரணம். இவற்றைச் சுற்றியுள்ள அறச்சிக்கலும் அங்கிருந்துதான் பிறக்கிறது. மாத்திரையை நிறுத்த நினைக்கும் பெண் மறுநாள் அதை விழுங்காமல் இருந்தால் போதும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கைக்குச்சியை எடுக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். மரப்பு ஊசியும் கத்தியும் சுத்தமான அறையும் வேண்டும். தொடங்கவும் நிறுத்தவும் இன்னொருவரின் இசைவு தேவைப்படும் கருத்தடை இது. அந்த இன்னொருவர் யார், அவருக்கும் பெண்ணுக்கும் நடுவே வர்க்கமும் இனமும் சாதியும் எவ்வளவு தூரத்தை வைத்திருக்கின்றன என்பதைப் பொறுத்து, ஒரே சாதனம் ஒருத்திக்கு விடுதலையாகவும் இன்னொருத்திக்கு அடக்குமுறையாகவும் அமைகிறது.

எனவே இதில் உள்ள ஏற்றத்தாழ்வை ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. விரும்புகிறவர்களுக்குக் கிடைக்காமல் போவது ஒரு வகை. விரும்பாதவர்கள் மீது திணிக்கப்படுவது இன்னொரு வகை. இரண்டும் பெரும்பாலும் ஒரே பெண்களைத்தான் தாக்குகின்றன என்பதே இந்தப் பொருளில் மனத்தை உறுத்தும் உண்மை.

அமெரிக்காவில் நெடுங்காலம் தடையாக நின்றது விலை. காப்பீடு இல்லாத பெண்ணுக்குச் சாதனத்தின் விலையும் பொருத்தும் கட்டணமும் சேர்ந்து ஆயிரம் டாலரைத் தாண்டுவதுண்டு. மாத்திரைக்கான பணம் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். இதற்கோ முழுத் தொகையையும் முதல் நாளே எண்ணி வைக்க வேண்டும். ஐந்தாண்டுக் கணக்கில் மலிவாக வரும் முறை, கையில் சேமிப்பில்லாதவருக்கு எட்டாத முறையாகிவிடுகிறது. மிசூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரில் 2007இல் தொடங்கிய ஆய்வு ஒன்று ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு எல்லா முறைகளையும் இலவசமாகத் தர முன்வந்தது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் நீண்டகால முறையைத் தேர்ந்தார்கள். நாடு முழுவதும் அப்போது கருத்தடை செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரே அவற்றைப் பயன்படுத்தி வந்தார்கள். அந்த ஆய்வின் ஆலோசகர்கள் மிகுந்த பலன் தரும் முறையிலிருந்து தொடங்கித்தான் விளக்கினார்கள் என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். ஆனாலும் விலை என்ற சுவரை எடுத்தால் பெண்களின் தேர்வு எவ்வளவு மாறுகிறது என்பதை மறுக்க இடமில்லை.

விலைச் சிக்கல் மதச் சிக்கலாக மாறியதும் அந்நாட்டில்தான். 2010ஆம் ஆண்டு உடல்நலக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு எடுக்கும் காப்பீடு கருத்தடைச் செலவையும் ஏற்க வேண்டும். கைவினைப் பொருள் கடைகளை நடத்தும் ஹாபி லாபி நிறுவனத்தின் உரிமையாளர்கள் கிறிஸ்தவ நம்பிக்கையில் ஊன்றிய குடும்பத்தினர். கருவுற்ற முட்டை கருப்பையில் பதிவதைத் தடுக்கக்கூடும் என்று அவர்கள் கருதிய நான்கு முறைகளுக்குப் பணம் தர மறுத்தார்கள். அவற்றில் இரண்டு கருப்பைச் சாதனங்கள். 2014 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பிரிவில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் ஒரு கணக்கை முன்வைத்தார்: கருப்பைச் சாதனத்தின் செலவு, குறைந்தபட்சக் கூலி வாங்கும் தொழிலாளியின் ஒரு மாத முழு ஊதியத்துக்கு நெருக்கமானது. கேள்வி உரிமையாளரின் மனச்சாட்சியைப் பற்றியது மட்டும் அன்று. அந்த மனச்சாட்சிக்கான விலையைக் கல்லாவில் நிற்கும் பெண்ணின் சம்பளத்திலிருந்து எடுக்கலாமா என்பதும் கேள்வி. அவளுக்கும் ஒரு மனச்சாட்சி உண்டு. அதைக் கடைப்பிடிக்க அவளிடம் பணம் இல்லை.

திணிப்பின் வரலாறு இதைவிடக் கனமானது. 1990 டிசம்பரில் அமெரிக்க அரசு நார்ப்ளாண்ட் என்ற கைக்குச்சிக்கு அனுமதி அளித்தது. ஆறு மெல்லிய குழல்கள், ஐந்து ஆண்டுப் பலன். அனுமதி வந்த இரண்டே நாளில் ஃபிலடெல்ஃபியா நாளிதழ் ஒன்று, கறுப்பின மக்களின் வறுமையைக் குறைக்க இந்தக் குச்சி உதவுமா என்று தலையங்கம் எழுதியது. கண்டனம் பெருகியதும் சில நாட்களில் மன்னிப்புக் கேட்டது. அடுத்த மாதமே கலிபோர்னியாவின் துலேரி மாவட்டத்தில் ஒரு நீதிபதி, குழந்தைகளைத் துன்புறுத்திய வழக்கில் தண்டனை பெற்ற கறுப்பினத் தாய்க்கு நன்னடத்தை விடுதலையின் நிபந்தனையாக நார்ப்ளாண்ட்டை விதித்தார். அரசு உதவி பெறும் தாய்மார்கள் இதைப் பொருத்திக்கொண்டால் 500 டாலர் தரலாம் என்று கான்சஸ் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது, அது நிறைவேறவில்லை. ஆனால் சட்டம் தேவைப்படாத வழியிலும் அழுத்தம் நடந்தது. ஏழைகளுக்கான மருத்துவத் திட்டம் பொருத்தும் செலவை ஏற்றது; மருத்துவக் காரணம் இல்லாமல் இடையில் எடுக்க வந்தால் சில இடங்களில் செலவை ஏற்கவில்லை. இடைவிடாத இரத்தப்போக்காலும் தலைவலியாலும் அவதிப்பட்ட பெண்கள் குச்சியோடு வீடு திரும்பினார்கள். 2002இல் நார்ப்ளாண்ட் அந்நாட்டுச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

இந்த மனப்பாங்கு கடந்தகாலத்தோடு முடிந்துவிடவில்லை. 2010இல் வெளியான ஒரு பரிசோதனையில் அமெரிக்க மருத்துவர்கள் முதலானோருக்கு நோயாளிகளாக நடித்த பெண்களின் காணொளிகள் காட்டப்பட்டன. நடித்தவர்களின் இனமும் வசதியும் காணொளிக்குக் காணொளி மாறின. வசதி குறைந்தவர்களாகக் காட்டப்பட்ட பெண்களில், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்கும் கருப்பைச் சாதனம் அதிகமாகப் பரிந்துரைக்கப்பட்டது. அந்த மருத்துவர்கள் யாரும் தீய எண்ணத்தோடு பேசியிருக்க வேண்டியதில்லை. யார் இனிப் பெற வேண்டாம் என்பதைப் பற்றி அவர்களுக்குள்ளே ஏற்கெனவே ஒரு முடிவு இருந்தது. ஆலோசனை அதையொட்டிச் சாய்ந்தது.

அரசே முன்னின்று செய்த திணிப்புக்குக் கிரீன்லாந்து மிகத் தெளிவான சான்று. 1953இல் டென்மார்க்கின் மாவட்டமாக்கப்பட்ட அந்தத் தீவில் குழந்தை இறப்பு குறைந்து மக்கள்தொகை வேகமாக வளர்ந்தது. புதிய பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஆகும் செலவைப் பார்த்துக் கவலைப்பட்ட டேனிஷ் அதிகாரிகள் 1966இல் கருப்பைச் சாதன இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1970க்குள் ஏறத்தாழ 4,500 பெண்களுக்கு அது வைக்கப்பட்டது. பிள்ளை பெறும் வயதில் இருந்த இனுவிட் பெண்களில் இது ஏறக்குறைய பாதி. பள்ளி மருத்துவச் சோதனை என்று அழைத்துப் போகப்பட்ட பதின்வயதுச் சிறுமிகளும் இதில் அடக்கம். பெற்றோரிடம் கேட்கவில்லை, பலருக்குத் தம் உடலுக்குள் என்ன வைக்கப்பட்டது என்பதே தெரியாது. குழந்தை பெற்றவர்களுக்கென்று வடிவமைத்த சாதனம் சிறுமிகளின் உடலில் வலியையும் தொற்றையும் உண்டாக்கியது. சிலர் பிற்பாடு தாயாகவே முடியவில்லை. உளவியலாளர் நாயா லூபெர்த் 2017இல் தன் அனுபவத்தை வெளிப்படையாகப் பேசினார். 2022இல் டேனிஷ் வானொலியின் தொடர் இந்த எண்களை வெளியே கொண்டுவந்தது. 2025இல் டென்மார்க் பிரதமர் மெட்டே ஃப்ரெடெரிக்சன் மன்னிப்புக் கேட்டார். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் பெரும்பாலான பெண்கள் வெட்கத்தால் தம் குடும்பத்திடம்கூட இதைச் சொல்லவில்லை.

தெற்காசியாவிலும் இத்தகைய புகார்கள் உண்டு. வங்கதேசத்தில் நார்ப்ளாண்ட் சோதனை நடந்த காலத்தில், எடுத்துவிடும்படி கெஞ்சிய ஏழைப் பெண்கள் திருப்பி அனுப்பப்பட்டதை ஃபரீதா அக்தரும் அவருடைய உபினிக் அமைப்பும் பதிவு செய்தார்கள். இலங்கையில் போர் முடிந்த பின் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில் 2013இல் தமிழ்ப் பெண்களுக்குக் கைக்குச்சி வற்புறுத்திப் பொருத்தப்பட்டதாகப் புகார் எழுந்தது. குழந்தைகளின் எடையும் ஊட்டமும் பார்ப்பதற்கென்று வந்த தாய்மார்களிடம், மறுத்தால் மருத்துவமனைச் சேவை கிடைக்காது என்ற அச்சம் ஊட்டப்பட்டதாக அந்தப் புகார்கள் கூறின. போரில் பிள்ளைகளை இழந்த ஒரு சமூகத்தில் இப்படி நடந்ததாகச் சொல்லப்படுவது, மருத்துவ நெறி மீறல் என்பதையும் தாண்டிய காயம்.

இந்தியாவின் நிலை வேறு விதமானது. 1965இல் லூப் என்ற கருப்பைச் சாதனம் பெரும் நம்பிக்கையோடு வந்தது. முகாம்களில், இலக்கு எண்களைத் துரத்திக்கொண்டு, லட்சக்கணக்கில் வைத்தார்கள். இரத்தப்போக்கு வந்தபோது திரும்பிப் பார்க்க ஆளில்லை. சில ஆண்டுகளிலேயே லூப்பின் பெயர் கெட்டது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன, பெரும்பாலானவை ஆண்களுக்கு. அதற்கு எதிரான கோபம் 1977 தேர்தலில் வெளிப்பட்ட பின் எந்த அரசும் ஆண்களை நெருங்கத் துணியவில்லை. சுமை முழுவதும் பெண்களிடம் வந்து சேர்ந்தது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை 0.3 விழுக்காடு. கருப்பைச் சாதனம் 2.1 விழுக்காடு. தமிழ்நாட்டில் பெண்களின் ஆபரேஷன் 58 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. படிப்பும் வசதியும் கூடக்கூட ஆபரேஷன் குறைந்து, காப்பர்-டியும் ஆணுறையும் கூடுகின்றன. வசதியான பெண்ணுக்கு இடைவெளி விடும் உரிமை கிடைக்கிறது. ஏழைப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதை ஒட்டியே கதவு நிரந்தரமாக மூடப்படுகிறது. அவளுக்கு மறுக்கப்படுவது மனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை.

அதன் விலை எவ்வளவு கொடியது என்பதை 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்ட முகாம் காட்டியது. ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் தலித், ஆதிவாசி, பிற்படுத்தப்பட்ட ஏழைக் குடும்பத்தினர். 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தும்படி உத்தரவிட்டது. இப்போது பிரசவம் முடிந்த கையோடு காப்பர்-டி வைப்பது அரசு மருத்துவமனைகளில் பரவியிருக்கிறது. நல்ல முறைதான். ஆனால் சம்மதம் எப்போது கேட்கப்படுகிறது என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. கர்ப்பகாலச் சோதனைகளின்போதே விளக்க வேண்டும் என்பது விதி. வலி எடுத்துப் படுத்திருக்கும் பெண்ணிடம் ஒரு தாளை நீட்டிக் கைநாட்டு வாங்குவது விளக்கம் ஆகாது.

இந்தத் திணிப்புகளுக்குப் பின்னால் ஒரு தத்துவம் உண்டு. பிறப்பு குறைந்தால் வறுமை குறையும், தாய் இறப்பு குறையும், நாட்டுக்கு நன்மை. ஆகவே கொஞ்சம் அழுத்தம் கொடுத்தாலும் தவறில்லை என்பது அதன் வாதம். நன்மையைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் பயன்வாதம் இதற்கு எளிதாக இடம் தருகிறது. இம்மானுவேல் காண்ட் இதை ஏற்கமாட்டார். எந்த மனிதரையும் வேறொரு நோக்கத்துக்கான கருவியாக மட்டும் நடத்தக் கூடாது என்பது அவருடைய அறம். கிரீன்லாந்துச் சிறுமி பள்ளிக்கட்டடச் செலவைக் குறைக்கும் கருவியாக நடத்தப்பட்டாள். அமர்த்தியா சென் இன்னொரு திசையிலிருந்து அதே முடிவுக்கு வருகிறார். மக்கள் தாமாகச் சிந்தித்துப் பிறப்பைக் குறைப்பார்கள் என்று நம்பிய கொந்தோர்சேயையும், அப்படி நம்பாத மால்தஸையும் எதிரெதிரே நிறுத்தி, கேரளத்தைச் சான்று காட்டுகிறார். பெண்கல்வியும் வேலையும் மருத்துவமும் வந்த இடத்தில் கட்டாயம் இல்லாமலே பிறப்பு குறைந்தது. கட்டாயம் அறத்துக்கு மட்டும் எதிரானதன்று, தேவையற்றதும்கூட.

ஆனால் கட்டாயம் எப்போதும் கட்டாயம் போலத் தோன்றுவதில்லை. தத்துவத்துக்கு உண்மையான சவால் இங்கேதான். அலபாமாவில் 12, 14 வயதுக் கறுப்பினச் சகோதரிகள் இருவர் அரசு நிதியில் இயங்கிய மருத்துவகத்தில் மலடாக்கப்பட்டதையொட்டி எழுந்த வழக்கில், 1974இல் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னது: அரசு உதவி நின்றுவிடும் என்ற மிரட்டலின்கீழ் தரும் சம்மதம் விருப்பத்தால் தந்த சம்மதம் அன்று. மிரட்டல் இல்லாத இடங்களிலும் இந்தக் கேள்வி நீள்கிறது. கைச்செலவுக்கு வழியில்லாதவளுக்கு ஊக்கத்தொகை தருவது வெறும் உதவியா? வேறு முறை எதுவும் அலமாரியில் இல்லாத ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அவள் எதைத் தேர்ந்தாள் என்று சொல்ல முடியும்? காலங்காலமாக மறுக்கப்பட்டவர்கள் கிடைப்பதற்கேற்ப ஆசைகளைச் சுருக்கிக்கொள்வார்கள் என்று மார்த்தா நுஸ்பாம் போன்ற தத்துவவாதிகள் எச்சரிக்கிறார்கள். அவள் தலையசைத்தாள் என்பது சம்மதத்துக்கு வேண்டிய சான்றில் சிறு பகுதி மட்டுமே.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஏழைப் பெண்ணின் ஒவ்வொரு தேர்வையும் சந்தேகித்தால், அவளுக்குச் சொந்த அறிவே இல்லை என்றாகாதா? கணவன் ஆணுறையை மறுக்கிறான். மாத்திரையை மாமியார் கண்ணில் படாமல் வைக்க இடமில்லை. அத்தகைய வீட்டில் யாருக்கும் தெரியாமல் கையிலோ கருப்பையிலோ இருக்கும் சாதனம்தான் அவளுக்குக் கிடைத்த ஒரே ஆயுதம். வரலாற்றுக் காயங்களைக் காட்டி அதைத் தராமல் விடுவதும் அநீதியே. கறுப்பினப் பெண்கள் சிலர் 1994இல் சிகாகோவில் கூடி உருவாக்கிய இனப்பெருக்க நீதி என்ற கோட்பாடு இந்த முடிச்சை நேர்மையாக அவிழ்க்கிறது. பிள்ளை பெறாமலிருக்கும் உரிமை, பெறும் உரிமை, பெற்ற பிள்ளையைப் பாதுகாப்பான சூழலில் வளர்க்கும் உரிமை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் தேர்வு என்ற ஒன்று உண்டாகிறது. மூன்றில் ஒன்றை மட்டும் அள்ளித் தரும் அரசு மற்ற இரண்டையும் பற்றி என்ன நினைக்கிறது என்று பெண்கள் கேட்பது நியாயம்.

மதங்கள் இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் முறையைப் பற்றியதாகவே கையாண்டன. கத்தோலிக்கத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1968இல் வெளியிட்ட ‘ஹுமானே வீட்டே’ சுற்றுமடல் செயற்கைக் கருத்தடை முழுவதையும் விலக்கியது. ஆயினும் அதன் 17ஆம் பத்தி, இம்முறைகளை அரசுகள் கையிலெடுத்து மக்கள் மீது சுமத்தக்கூடும் என்று எச்சரித்தது. அப்போது கிரீன்லாந்தில் அதுவே நடந்துகொண்டிருந்தது. ஆனால் பெண் தானே விரும்பித் தேர்வதையும் அரசு திணிப்பதையும் அந்த மடல் ஒரே தடையால் மூடிவிட்டது. இஸ்லாமியச் சட்ட மரபு வேறு வழியில் போனது. கருத்தரிப்பைத் தவிர்க்க ஆண் மேற்கொள்ளும் ‘அஸ்ல்’ முறையை அறிஞர்கள் பலர் அனுமதித்தார்கள். இமாம் கஸ்ஸாலி அதற்கான காரணங்களையும் விரித்தார். சுதந்திரமான மனைவியாயின் அவள் சம்மதம் வேண்டும் என்றார்கள் பெரும்பாலோர்; அடிமைப் பெண்ணிடம் கேட்க வேண்டியதில்லை என்றார்கள். பெண்ணின் சம்மதத்தை அவ்வளவு முன்பே சட்டத்துக்குள் கொண்டுவந்த மரபும், சம்மதம் யாருக்கு உண்டு என்பதைச் சமூகப் படிநிலையை வைத்தே முடிவு செய்தது. இந்து மரபில் ஒரே அதிகாரபீடம் இல்லை. கருத்தடைக்கு ஒரே தீர்ப்பும் இல்லை. அங்கே குறுக்கே நிற்பது சாஸ்திரத்தைவிட ஆண் வாரிசு வேண்டும் என்ற வீட்டாரின் எதிர்பார்ப்பு.

காந்தியும் அமெரிக்கக் கருத்தடை இயக்கத்தின் முன்னோடி மார்கரெட் சாங்கரும் 1935 டிசம்பரில் வார்தாவில் விவாதித்தபோது, சாதனங்கள் வேண்டாம், தன்னடக்கமே வழி என்று காந்தி நின்றார். கணவனை மறுக்கும் உறுதி பெண்ணுக்கு வேண்டும் என்றார். மறுக்க முடியாத நிலையில் இருந்த கோடிக்கணக்கான பெண்களுக்கு அதில் விடை இல்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சென்னையில் மேல்தட்டு ஆண்கள் சேர்ந்து நவமால்தஸ் சங்கம் அமைத்துக் கருத்தடைக்காகப் பேசிவந்தார்கள். நாட்டின் வறுமையும் மக்கள்தொகைப் பெருக்கமும் அவர்கள் கவலை. அதே காலத்தில் ‘குடி அரசு’ இதழில் கர்ப்பத்தடை பற்றி எழுதிய பெரியார், அவர்களுக்கும் தனக்கும் நடுவே அழுத்தமான கோடு கிழித்தார். மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்துக்காகவும், நாட்டின் பொருளாதாரத்துக்காகவும், குடும்பச் சொத்து சிதறாமலிருக்கவும் கர்ப்பத்தடை வேண்டும் என்கிறார்கள். தான் கேட்பது பெண் விடுதலை பெற வேண்டும் என்பதற்காக என்றார். முறை ஒன்றே, காரணம் வேறு. பின்னாளில் நடந்தவற்றைப் பார்க்கும்போது அந்தக் கோட்டின் அருமை விளங்குகிறது. மக்கள்தொகையைக் குறைப்பது நோக்கம் என்றால், குச்சியை எடுக்கச் சொல்லி வரும் பெண் ஒரு தோல்வி. அவளைத் திருப்பி அனுப்பத்தான் தோன்றும். அவள் விடுதலை நோக்கம் என்றால், பொருத்த வந்தவளும் எடுக்க வந்தவளும் சமமான வெற்றி.

இந்திய அரசு 1996இல் மேலிருந்து வரும் இலக்குகளைக் கைவிடுவதாக அறிவித்தது. ஊசியும் கைக்குச்சியும் இப்போது பொதுத் திட்டத்துக்குள் வந்துகொண்டிருக்கின்றன. இவை ஏழைப் பெண்களை எட்ட வேண்டும். ஆபரேஷன் ஒன்றே கதி என்ற நிலை மாற வேண்டும். ஆனால் மாவட்ட அறிக்கைகளில் எத்தனை பேருக்குப் பொருத்தினோம் என்ற எண் மட்டும் இடம்பெறுமானால் பழைய தவறு புதுச் சாதனத்தோடு திரும்பும். எத்தனை பேர் எடுக்கக் கேட்டார்கள், எத்தனை பேருக்கு அன்றே எடுக்கப்பட்டது, எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பவையும் அதே தாளில் எழுதப்பட வேண்டும். பொருத்தத் தெரிந்த செவிலியர் இருக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் எடுக்கத் தெரிந்தவரும் இருக்க வேண்டும். காரணம் கேட்காமல், செலவு வாங்காமல் எடுத்துவிட முடியாத இடத்தில் இவற்றைப் பொருத்தத் தொடங்கவே கூடாது.